கோயில்பிள்ளை நடிக்கிறான் என்றார்கள்

எங்கள் கோயில் பேரவைச் செயலர் அவர்களே, நான் நடிக்கிறேன் என்று நீங்கள் சொன்னது பொய். தெரியாமல் சொன்னீர்கள் என்றால் தவறு என்று விட்டுவிடலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு எட்டு வருடம் இருந்தது. ஒரு நாளும் கேட்கவில்லை. அதனால் பொய் என்றே எழுதுகிறேன்.

பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது. எழுதும்போது முந்தின வரி காகிதத்தில் இருக்கிறது. திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். பேசும்போது அந்த வசதி இல்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கதை முழுவதும்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள். பாதிரியார் தங்கியிருக்கும் பங்குக் கோயில் வேறு ஊரில் இருக்கிறது. எங்களுடையது கிளைக் கோயில். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டு, அடுத்த கிளைக் கோயிலுக்குப் போய்விடுவார். மற்றபடி கோயிலைத் திறப்பது, மூன்று வேளை மணி அடிப்பது, பீடத்துணி துவைப்பது, மெழுகுவர்த்தி மாற்றுவது, சாவு விழுந்தால் துக்கமணி அடித்துக் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறந்துவிடுவது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. அந்தக் கோயில்பிள்ளை நான்தான்.

அதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். இருபத்து மூன்று வயதில் எனக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரும் இல்லாத அறையில் என்னைத் திட்டும் சத்தம். ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் என் அக்காதான் வந்து ஊருக்குக் கூட்டி வந்தாள். முதலில் பேய் என்றார்கள். ஒரு கோயிலில் கொண்டுபோய் நாற்பது நாள் தங்க வைத்தார்கள். நான் இன்னும் மோசமானேன். பிறகுதான் ஆஸ்பத்திரி. ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். தமிழில் மனச்சிதைவு என்று சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது. நான் ஒன்றும் சிதைந்து கிடக்கவில்லை. மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு வருடத்தில் சத்தம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. ஊர் எனக்குச் சரியாகிவிட்டது என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று சரியாகவில்லை. அக்கா வீடும் என் வீடும் ஒரே சுவர். அவள் அடுப்படியிலிருந்து சொல்வாள். "டேய், கடையில உப்பு வாங்கிட்டு, அப்படியே பம்புசெட்டுல மோட்டார நிறுத்திட்டு, வரும்போது மாமாக்கிட்ட நாளைக்குக் கடலை பறிக்க ஆள் வரலைன்னு சொல்லிட்டு வந்துரு." நான் உப்போடு வருவேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கடலைக்கொல்லையில் தண்ணீர் நிற்கும். மாமா விடியற்காலையில் ஆளுக்காகக் காத்திருப்பார்.

"ஒனக்கு அக்கறை இல்லடா," என்பாள் அக்கா. "சோறு திங்க மறக்குறியா? அது மட்டும் மறக்கல."

மோட்டார் என்று அவள் சொன்னதே எனக்கு ஞாபகம் இருக்காது. சொன்னாள் என்று அவளே சொன்ன பிறகுதான் தெரியும். சோம்பேறி என்று நானே என்னை முடிவு கட்டிக்கொண்டேன். பல வருடம் அந்த முடிவோடுதான் இருந்தேன்.

கோயில்பிள்ளை வேலை எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி. ஜாடியில் திராட்சை ரசம், ஜாடியில் தண்ணீர், தட்டில் அப்பம், வாசகப் புத்தகத்தில் ரிப்பன். நூறு வருடமாக ஒரே வரிசை. என் கைக்கு அது தெரியும். தலைக்குத் தெரிய வேண்டியதில்லை. ஏழு வருடம் ஒரு குறை கிடையாது. இதை ஊரில் யாரும் மறுக்க முடியாது.

எட்டாவது வருடத்தில் கன்னியாஸ்திரீகள் மடத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதுவரை பூசைக் கருத்து எழுதியது அவர்கள்தான். வேற்று மதத்தவர் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் பூசையில் சாமியார் சிலருக்காகப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வார். செத்தவர்களின் ஆன்மா இளைப்பாறுவதற்காக ஒரு வேண்டுதல். உயிரோடு இருப்பவர்களுக்கு நன்றியாகவோ, சுகத்துக்காகவோ இன்னொன்று. ஒரு நோட்டு இருக்கிறது. நடுவில் கோடு. இடது பக்கம் உயிரோடு இருப்போர், வலது பக்கம் இறந்தோர். மக்கள் வந்து பெயரைச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்க வேண்டும். சாமியார் அப்படியே வாசிப்பார். அந்த நோட்டு என் கைக்கு வந்தது.

மக்கள் எப்போது வந்து சொல்வார்கள் என்றால், முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில். அதுவும் நான் ஜாடியோடு நடக்கும்போது, மணிக்கயிற்றைப் பிடித்திருக்கும்போது, மெழுகுவர்த்தி பற்ற வைக்கும்போது. ஆறு பேர் ஒரே நேரத்தில். அது அவர்கள் பழக்கம். சிஸ்டரிடமும் அப்படித்தான் சொன்னார்கள். சிஸ்டர் சமாளித்தார்கள். நான் சமாளிக்கவில்லை. தினமும் பயந்துகொண்டே அந்த நோட்டை எடுத்தேன்.

இப்போது செயலரைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவர். அவருக்கு என்மேல் பகை எதுவும் கிடையாது. அதுதான் சிக்கல். மனக்கணக்கில் நான் கெட்டிக்காரன். அவர் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் நான் விடை சொல்லிவிடுவேன். இன்ஸ்பெக்டர் வந்தால் என்னைத்தான் எழுப்பி நிறுத்துவார். அந்தப் பையன்தான் இன்னும் அவர் கண்ணில் இருக்கிறான். அவனுக்கு மூன்று விஷயம் மனதில் நிற்காது என்றால் அவர் நம்புவாரா? அதுவும் நான் பழைய விஷயங்களை மறப்பதில்லை. எந்த வீட்டில் யார் எந்த மாதம் செத்தார், அடக்கத்தன்று மழை பெய்ததா என்பது வரை சொல்வேன். அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு அவர் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு வந்தார். என் இரண்டு கையிலும் ஜாடி.

"எங்க அப்பாவுக்கு ஒரு நன்றிப் பூசை எழுதிக்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து நல்லபடியா வந்துட்டாரு. அப்புறம், மைக்ல கரகரன்னு வருது, என்னன்னு பாரு. சாமி வந்தாருன்னா, பூசை முடிஞ்சு பேரவைக் கூட்டம்னு மறக்காமச் சொல்லு. என்ன?"

"சரிங்க சார்."

அவர் நகர்வதற்குள் இன்னொருவர் தலையை நீட்டினார். "அண்ணே, எங்கப்பாவுக்கு வருசத் தெவசம். பேரு தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

ஜாடியை வைத்தேன். மைக்கைத் தட்டிப் பார்த்தேன். வயரை மாற்றினேன். கரகரப்பு நின்றது. நோட்டை எடுத்தேன். தலையில் சாரின் அப்பா பெயர் இருந்தது. அப்பா, தெவசம் என்ற சொற்கள் இருந்தன. மற்றது எதுவும் இல்லை. அவர் பெயரை வலது பக்கம் எழுதினேன். தெவசம் கேட்டவரின் அப்பா பெயரை எழுதவே இல்லை. கூட்டம் இருப்பதையும் சாமியாரிடம் சொல்லவில்லை.

சாமியார் வாசித்தார். இறைவனடி சேர்ந்த இன்னாரின் ஆன்மா இளைப்பாற வேண்டி என்றார். அந்த இன்னார் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். காது மந்தம். எல்லோரும் ஆமென் சொல்வதற்கு முன்னால் அவர்தான் சத்தமாக ஆமென் சொன்னார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்து முடிந்ததும் அறிவிப்பு நேரம். செயலர் எழுந்து வந்தார். கூட்டத்தைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துப் பேசினார்.

"இவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இருபது வருசத்துக்கு முந்தி செத்தவன் பேரெல்லாம் சொல்லுவான். இன்னைக்குக் காலையில சொன்னது மட்டும் மறந்துருமா? என்கிட்டப் படிச்சவன். இவன் மூளை எனக்குத் தெரியாதா? நடிக்கிறான். வேலை செய்ய வலிக்குது, அதுக்கு ஒரு நடிப்பு. உசிரோட இருக்கிற மனுசன சாகடிச்சிட்டான். ரெண்டு வாரத்துல கூட்டம் போட்டு வேற ஆளு பார்ப்போம்."

வெளியே பெரியவரைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். மகன் கத்தி விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. என்னைப் பார்த்து நின்றார்.

"ஏப்பா, நல்லாத்தான வாசிச்சாரு சாமி. செத்தப்புறம் வாசிச்சா எனக்குக் கேக்கவா போவுது? இப்பவே கேட்டாச்சு."

"வாங்கப்பா, வெயில்ல நிக்காதீங்க," என்று செயலர் அவரை இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தேன். வேலை போவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அக்கா வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. மறுபடி சத்தம் கேக்குதா?"

"இல்ல."

"மாத்திரை?"

"சாப்புடுறேன். எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதற்குப் பிறகும் அவள் முகம் தெளியவில்லை. என்னுடையதும்தான். சத்தம் இல்லாமலே நோய் திரும்பி வருகிறதோ என்று இரண்டு பேரும் நினைத்தோம். ஊரில் ஒருவர் மாத்திரைதான் மூளையை மழுக்குகிறது, நிறுத்திப் பார் என்றார். நிறுத்தவில்லை. ஒருமுறை நிறுத்தி என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கோயில் சாவி இடுப்பில்தான் இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் ஊரில் நான் யார்? மாத்திரை சாப்பிடுகிற ஆள். அவ்வளவுதான்.

அந்த வாரம் மாத்திரை வாங்குகிற முறை. கீரனூர் வந்து பஸ் மாறிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழக்கமாக டாக்டர் மூன்று கேள்வி கேட்பார். தூக்கம் எப்படி, சத்தம் உண்டா, மாத்திரை விடாமல் போகிறதா. எனக்குப் பின்னால் அறுபது பேர் நிற்பார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அன்று அக்கா விடவில்லை.

"சார், இவன் ஒன்னு சொன்னா ஒன்னு மறக்குறான். இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப வருசமா. வேலை போகப் போவுது. என்னன்னு பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பேனாவை வைத்தார். பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே சைக்காலஜிஸ்ட் ஒரு அம்மா இருந்தார்கள். என்னைவிட வயது குறைவுதான் இருக்கும். எண்கள் சொல்வதாகவும் நான் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். மூன்று எண் சொன்னார்கள். சொன்னேன். நாலு சொன்னார்கள். தடுமாறினேன். ஐந்து சொன்னபோது முதல் எண் மட்டும் இருந்தது. பிறகு பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொன்னார்கள். இரண்டு எண் வந்தது. மூன்று எண் வரவில்லை. கடைசியாக ஒரு எண்ணைச் சொல்லி அதிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொன்னார்கள். ஒரு தடவை கழித்தேன். அடுத்து எதிலிருந்து கழிக்க வேண்டும் என்றே தெரியவில்லை. மனக்கணக்கில் முதல் ஆள் நான்.

நோட்டில் ஏதோ குறித்தார்கள். நான் கேட்டேன்.

"திரும்பி வந்துருச்சாங்க?"

"என்னது?"

"நோய்."

"இல்லங்க. இது புதுசா வரல. மொதல்லேர்ந்தே இருந்திருக்கும். சத்தம் கேக்குறதுதான் நோய்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இதுவும் அதோட ஒரு பகுதிதான். காதுல கேட்டத மனசுல புடிச்சு வச்சுக்கிட்டே இன்னொரு வேலை செய்யிறோம்ல, அந்தத் தெறம் ஒங்களுக்குக் கொறஞ்சிருக்கு. மாத்திரைக்குச் சத்தம் அடங்கும். இது பல பேருக்கு அவ்வளவா அடங்குறதில்ல."

"அப்ப பழசெல்லாம் ஞாபகம் இருக்கே?"

"அது வேற, இது வேற. பழசு உள்ள போய்த் தங்குனது. இது உள்ள போறதுக்கு முன்னாடியே நழுவிருது."

"இவன் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டாள் அக்கா. கேட்ட விதம் எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அவளுக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது.

"இல்லம்மா. சோம்பேறின்னா சொன்னது தெரிஞ்சிருக்கும், செய்யாம இருப்பாரு. இவருக்குச் சொன்னதே தங்கலயே. பாவம், திட்டு வாங்கியே இருந்திருப்பாரு."

அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

எனக்கு வந்ததை என்ன என்று சொல்வது? முதலில் கோபம். பதினாறு வருடம் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று. அந்தக் கோபம் அறையை விட்டு வெளியே வருவதற்குள் எங்கோ போய்விட்டது. நோய் திரும்பவில்லை. நான் நடிக்கிறவனும் இல்லை, சோம்பேறியும் இல்லை. என் தலையில் ஒரு இடம் சிறியதாக இருக்கிறது. அவ்வளவுதான். சிறிய இடத்தில் சிறிதாக வைத்துக்கொண்டால் போயிற்று. மற்ற மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்காக டாக்டர் கொடுக்கிற மாத்திரையை மட்டும் பாதியாகக் குறைத்தார். சிலருக்கு அதுவும் ஞாபகத்தைக் கொஞ்சம் கெடுக்கும் என்றார். மற்றதைத் தொடக்கூடாது என்றார். பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு செட் பூரி சாப்பிட்டோம். கீரனூர் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டேன். பஸ்ஸில் நான் தூங்கவே மாட்டேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவேன் என்ற பயம். அன்று தூங்கினேன். அக்காதான் உலுக்கி எழுப்பினாள்.

"என்னடா இப்படித் தூங்குற, லாட்டரி விழுந்தவன் மாதிரி?"

அடுத்த நாளிலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்பு வாங்கி வந்த பிறகு மோட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த பிறகு மாமா. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நடக்கிறது எனக்குத்தானே, அவளுக்கென்ன வலி என்று கேட்டேன். "ஒனக்குக் கால்தான் வலிக்கும், எனக்கு வாய் வலிக்குது," என்றாள்.

சைக்காலஜிஸ்ட் அம்மா எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றார்கள். முடிந்தால் மனதில் வைப்பதை வெளியே ஒரு இடத்தில் வையுங்கள் என்றார்கள். இந்தக் கடைசிப் பேச்சை நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் கோயிலுக்குப் பக்கவாட்டில் இரண்டு வாசல். ஒன்று தெருப் பக்கம். இன்னொன்று கல்லறைத் தோட்டத்துப் பக்கம். பிணத்தை அந்த வழியாகத்தான் எடுத்துப் போவோம். இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கல்லறைப் பக்கத்து வாசலில் நிற்பவர் செத்தவருக்காகப் பூசை கேட்கிறார். தெருப் பக்கத்து வாசலில் நிற்பவர் உயிரோடு இருப்பவருக்காகக் கேட்கிறார். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று நான் மனதில் வைக்க வேண்டியதில்லை. அவர்கள் நிற்கிற இடமே வைத்துக்கொள்ளும். முதலில் ஒரு வாசலை முடித்துவிட்டு மறு வாசலுக்குப் போக வேண்டும். ஒருவர் சொல்ல, எழுதி, வாசித்துக் காட்டி, பிறகுதான் அடுத்தவர். முதல் மணிக்கு முன்னாலேயே எல்லாம் முடிய வேண்டும்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத கூட்டத்துல நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா எரக்கத்துல சொல்றேன்னு நெனைப்பாங்க," என்றார். எனக்குப் பிடித்த பேச்சு அது.

கூட்டத்தில் ஒன்பது பேர். நான் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்து வாசித்தேன். கேட்டார்கள். ஒருவர் சொன்னார்.

"எல்லாருக்குந்தாம்ப்பா மறக்குது. நான் கூடத்தான் வண்டிச் சாவிய எங்க வச்சேன்னு தெரியாமத் தேடுறேன்."

"மறக்கணும்னா மொதல்ல உள்ள போயிருக்கணும். எனக்கு உள்ளயே போகலங்க," என்றேன்.

செயலர் கையைத் தூக்கினார். "அதெல்லாம் இருக்கட்டும். நான் ஒரு மனக்கணக்கு கேக்குறேன். நாலாங்கிளாசுல கேட்டதுதான். பதினேழையும் இருபத்தஞ்சையும் கூட்டி, அதுல ஏழக் கழி. எவ்வளவு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதினேழு இருந்தது. அதற்குப் பிறகு அவர் வாய் அசைந்தது ஞாபகம் இருந்தது.

"பதினேழு இருக்குங்க சார். அதுக்கப்பறம் சொன்னது இல்ல."

"திரும்பச் சொல்றேன்." சொன்னார். இந்தத் தடவை ஏழு நின்றது. பதினேழு போய்விட்டது. அப்படியே சொன்னேன்.

நான் நோட்டீஸ் ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "இதுல எழுதுங்க சார்."

எழுதினார். அவர் கையெழுத்து மாறவே இல்லை. அதே நாலாம் வகுப்புக் கரும்பலகை எழுத்து.

"முப்பத்தஞ்சு," என்றேன். பார்த்த உடனே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார். அது அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். அவர் தேடிக்கொண்டிருந்த பையன் அங்கே இல்லை என்று அப்போதுதான் பார்த்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அதைவிட என்மேல் எனக்கு அதிகம் உண்டு.

சாமியார் முடிவு சொன்னார். கோயில்பிள்ளை இவரே. கருத்துச் சொல்கிறவர்கள் அவரவர் வாசலில் நிற்க வேண்டும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்தது. கோயிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தபோது தைலமரக் காட்டுப் பக்கம் காற்று நன்றாக வந்தது. அவசரமே இல்லாமல் நடந்தேன். அக்கா வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தோசைக் கல்லைப் போட்டாள்.

முதல் ஞாயிறு ஒரே களேபரம். ஒரு ஆத்தா தெரு வாசலில் நின்றுகொண்டு செத்துப்போன புருஷனுக்குப் பெயர் கொடுத்தாள்.

"ஆத்தா, அங்கிட்டு போங்க. இது உசுரோட இருக்கவங்க வாசல்."

"அங்கிட்டு எதுக்கு என்னைய வெரட்டுற? எனக்கு இன்னும் நேரம் வரலடா."

"நீங்க நின்னுட்டு இங்கிட்டு வந்துருங்க. ஒங்கள யாரும் அங்கயே இருக்கச் சொல்லல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். மூன்றாவது ஞாயிறு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செயலரின் அப்பா தெரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் பெயரைத் தானே சத்தமாகச் சொன்னார். "நன்றிப் பூசை. எழுதிட்டு ஒரு தடவ வாசிச்சுக் காட்டு, எனக்குக் கேக்குற மாதிரி," என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினேன்.

இப்போது பல மாதமாகிவிட்டது. தவறு அடியோடு நின்றதா? இல்லை. போன மாதம் துக்கமணிக்கு நடுவில் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். எத்தனை அடித்தேன் என்ற கணக்கை விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து அடித்தேன். இனிமேலும் நடக்கும். ஆனால் நான் பயந்துகொண்டு எழுந்திருப்பதில்லை. காலையில் கண் விழித்ததும் இன்று என்ன பிழை செய்வேன் என்று நினைத்த காலம் போய்விட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்படி எழுந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தோடு விட்டிருப்பேன். எழுதியிருக்கவே மாட்டேன். போன வாரம் பேரவையின் கூட்டக் குறிப்பு நோட்டில் சாமியாரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். புரட்டிப் பார்த்தேன். அன்றைய கூட்டம், சார், உங்கள் கையெழுத்தில் இருந்தது. "கோயில்பிள்ளை செய்த தவறு, அவரது உடல்நிலை கருதி மன்னிக்கப்பட்டது. இனி இவ்வாறு நடவாது என அவர் உறுதி அளித்தார்."

நான் எந்த உறுதியும் அளிக்கவில்லை. அங்கே இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும். மன்னிப்பும் கேட்கவில்லை. வாசித்த காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. மனக்கணக்கும் அந்த நோட்டில் இல்லை, முப்பத்தைந்தும் இல்லை. நாளைக்கு இன்னொரு பெயர் இடம் மாறினால், உறுதி அளித்துவிட்டு மீறினான் என்று இந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவீர்கள். அப்போது வேறு சாமியார் இருப்பார். அவர் நோட்டில் எழுதியிருப்பதைத்தான் நம்புவார்.

சார், இரண்டு கேள்வி. கால் ஊனமானவன் மெதுவாக நடந்தால் அவனை மன்னிப்பீர்களா? அப்படியென்றால் என் விஷயத்தில் எந்தக் குற்றத்தை மன்னித்தீர்கள்? பதிலை என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள்.